பூக்காத அவரை, மாலையில் விரியும் பீர்க்கு: ஐப்பசித் தோட்டக் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழையோடு தொடர்புடையவை. ஆகவே, இப்போதே பதில் கிடைத்தால்தான் பயன்படும் என்று தோன்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கார்த்திகை இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: சித்திரைக் கடைசியில் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அவரை விதைத்தேன். ஐந்து மாதத்துக்கு மேலாகிவிட்டது. கொடி பந்தலை மூடி, பக்கத்து முருங்கையிலும் ஏறிவிட்டது. ஆனால் ஒரு பூங்கொத்துகூட வரவில்லை. உரக்கடையில் சொன்னபடி இரண்டு முறை உரம் வைத்தும் இலைதான் பெருத்தது. இது மலட்டுக் கொடியா? வெட்டி எறிந்துவிடலாமா? இரவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் காடு போல இருக்கிறது. — வாசகி, தஞ்சாவூர்

பதில்: வெட்டிவிடாதீர்கள் அம்மா. கொடியில் குறையில்லை, நீங்கள் விதைத்த மாதம்தான் முந்திவிட்டது. பழைய பந்தல் அவரை ரகங்கள் வயதைப் பார்த்துப் பூப்பவை அல்ல. பகல் குறுகி இரவு நீண்டால்தான் அவற்றின் நுனிகளில் இலைக்குப் பதிலாகப் பூங்கொத்து கிளம்பும். தஞ்சாவூரில் ஆனி மாதத்தில் பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம் இருக்கும். மார்கழியில் அது 11 மணி 30 நிமிடமாகச் சுருங்கிவிடும். நமக்கு இந்த ஒன்றேகால் மணி நேர வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. அவரைக்கு அதுவே நாள்காட்டி. பகல் 12 மணிக்குக் கீழே இறங்குவது புரட்டாசி நடுவில்தான் என்பதால், சித்திரையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், ஐப்பசிக்குப் பிறகுதான் பூக்கும். இடைப்பட்ட மாதங்களில் சித்திரைக் கொடி செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: படர்வது. அதைத்தான் அது செய்திருக்கிறது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை மழைக்காகச் சொன்னது என்று மட்டும் நாம் எண்ணுகிறோம். அவரையைப் பொறுத்தவரை அதில் பகலின் கணக்கும் இருக்கிறது. என் பாட்டி ஆடிப் பெருக்குக்கு முன்னால் அவரை விதைப் பானையைத் திறக்கவே மாட்டார். காரணம் கேட்டால், "முன்னாடி போட்டா இலையைத்தான் தின்னணும்" என்பார். பகல் நேரத்தை அவர் அளந்ததில்லை. ஆனாலும் அவருடைய கணக்கு ஒரு முறையும் தவறியதில்லை.

இனி செய்ய வேண்டியவை. உரத்தை உடனே நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் பூப்பது இன்னும் தள்ளிப்போகும். முருங்கையில் ஏறிய கொடிகளை இறக்கிவிட்டு, பந்தலின் மேல் அடர்ந்திருக்கும் முற்றிய இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி எடுத்தால் வெளிச்சமும் காற்றும் உள்ளே செல்லும். நுனிகளையும் ஒரு முறை கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் பெருகினால் பூங்கொத்துகளும் பெருகும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னை நிறுத்தியது. நீண்ட பகலைத் தவிர்க்கும் செடிகள் உண்மையில் அளப்பது இருளின் நீளத்தை. நடு இரவில் விளக்கு வெளிச்சம் விழுந்தால் அந்தக் கணக்குக் கலைந்துவிடும். செவ்வந்தி வளர்ப்பவர்கள் பசுமைக்குடிலில் இரவு விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிப்போடுவது இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான். ஆகவே கார்த்திகையில் தெருவிளக்குக்கு எதிர்ப்புறம் உள்ள கொடி பூத்து, விளக்கடியில் உள்ள பகுதி மட்டும் பச்சையாகவே நின்றால் வியப்படைய வேண்டாம். அந்தப் பக்கத்தில் இரவில் ஒரு பழைய சாக்கைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஆண்டு முழுவதும் காய் வேண்டுமென்றால் குத்துச்செடி அவரை விதைகளை வாங்குங்கள்; கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. சுவையில் அவை பந்தல் அவரைக்கு ஈடாகுமா என்று கேட்டால், என் நாக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பின் இலைகள் மஞ்சளாகி வாடுகின்றன. தண்ணீர் நிறைய இருந்தும் செடி ஏன் வாட வேண்டும்? யூரியா போடச் சொல்கிறார்கள். — வாசகர், சென்னை

பதில்: யூரியா வேண்டாம். வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்கும் உயிர்க்காற்று தேவைப்படுகிறது. மண்ணின் இடுக்குகள் முழுவதும் நீரால் அடைபட்டுவிட்டால் வேர் மூச்சுமுட்டி வேலையை நிறுத்திவிடும். அப்போது தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். அந்த நிலையில் உரம் இடுவது, மூச்சுத் திணறுபவருக்கு விருந்து பரிமாறுவதற்கு ஒப்பானது. போதாததற்கு, யூரியா மழைநீரில் கரைந்து அடித்துளை வழியாகவே ஓடிப்போய்விடும்.

முதலில் ஒவ்வொரு தொட்டியின் அடித்துளையையும் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். மண்ணும் வேரும் அடைத்திருப்பதைப் பெரும்பாலான தொட்டிகளில் காண்பீர்கள். தொட்டியோ பையோ தளத்தில் நேரடியாகப் படிந்திருந்தால், இரண்டு செங்கல்களின் மேல் தூக்கி வையுங்கள். மேல்மண்ணைக் கைக்கிளறியால் ஓரங்குல ஆழத்துக்குக் கொத்திவிட்டு, மஞ்சளான அடியிலைகளை நீக்கிவிடுங்கள். மண் ஓரளவு காய்ந்து புதுத்தளிர் தெரிந்த பிறகு ஒரு கை மண்புழு உரம் போதும்.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பங்கு ஏறத்தாழப் பாதி. இந்தப் பருவம் வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. விதை உறைகளில் 'ஜூன்–ஜூலை மழைக்காலம்' என்று அச்சிட்டிருப்பது நாட்டின் பிற பகுதிகளை மனத்தில் கொண்டு எழுதியது. அதை நம்பி நாம் நாற்றுவிடும் நாளைக் கணக்கிட்டால் இப்படித்தான் தவறும். சென்னையில் தக்காளி நாற்றை ஆவணி தொடக்கத்தில் விட்டு, அடைமழைக்கு முன் செடியை வேரூன்ற வைத்துவிட வேண்டும். முடியாவிட்டால் மழை ஓய்ந்து மார்கழியில் நடுவது நல்லது. இந்த இரண்டு மாதத்தில் நாற்றுவிட்டே தீருவேன் என்பவர்கள், கூரையடியில் நாற்றுத்தட்டு வைத்து, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணப் பொடியைக் கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். வீட்டுத் தோட்டத்துக்கு இது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. விதை லேசாகப் பூசப்பட்டதுபோல் தெரிந்தால் போதுமானது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த மண் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடை கொள்ளும். 40 லிட்டர் பை ஒன்று நனைந்தால் ஒரு வளர்ந்த மனிதரின் எடைக்கு வந்துவிடும். இத்தகைய இருபது பைகளை மாடியின் நடுவில் ஒன்றாக அடுக்கியிருந்தால், இன்றே அவற்றைச் சுவரோரமாகவும் தூண்களுக்கு மேலாகவும் பிரித்து வையுங்கள். அடுத்த முறை கலவையில் பாதியளவு மக்கிய தென்னைநார்க் கழிவைச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் கரிசல் காட்டில் முதல் மழை பெய்த மறுநாள் இரத்தச் சிவப்பில், வெல்வெட்டுத் துணி போர்த்தியதுபோன்ற பூச்சிகள் தரையெங்கும் ஊர்கின்றன. நாங்கள் பட்டுப்பூச்சி என்போம். மற்ற நாட்களில் அவை எங்கே போகின்றன? செடிக்குக் கெடுதலா? என் பேரன் தீப்பெட்டியில் பிடித்து வைத்திருக்கிறான். — வாசகர், கோவில்பட்டி

பதில்: பேரனிடம் சொல்லி முதலில் தீப்பெட்டியைத் திறக்கச் செய்யுங்கள். நானும் அந்த வயதில் புல் துண்டு போட்டுப் பட்டுப்பூச்சி வளர்த்தவன்தான்; அது புல் தின்னாது என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

பூச்சி என்று நாம் அழைத்தாலும் அது பூச்சியினம் அன்று. பேரனைக் கால்களை எண்ணச் சொல்லுங்கள்: எட்டு இருக்கும். சிலந்திக்கும் தேளுக்கும் உறவான உண்ணி வகையைச் சேர்ந்தது அது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்கள். அந்தப் பருவத்தில் அது வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு சாறு குடித்து வளரும். பிறகு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழித்துவிட்டு, மழையில் நிலம் நனைந்து இளகிய சில நாட்களில் மட்டும், இணை தேடுவதற்கும் இரை தேடுவதற்கும் மேலே வருகிறது. அதே மழைக்குக் கறையானும் வெளியே வருவது தற்செயல் இல்லை. கறையானும் மற்றப் பூச்சிகளின் முட்டைகளும் அதற்கு உணவு. எனவே உங்கள் பயிருக்கு அது கெடுதல் செய்யாது; உதவியே செய்கிறது. இவ்வளவு பளிச்சென்ற நிறத்தோடு பட்டப்பகலில் திறந்த வெளியில் நடக்க அதற்கு எப்படித் துணிச்சல் வந்தது என்றால், அதன் சுவை பிற விலங்குகளுக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சிவப்பு ஓர் எச்சரிக்கை.

வெற்றிலை குதப்பிய தம்பலத்தின் நிறம் என்பதால் தம்பலப்பூச்சி என்றும், இந்திரகோபம் என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. அகநானூற்றின் முல்லைப் பாட்டு ஒன்றில் இது 'ஈயல்மூதாய்' என்று வருகிறது; செம்மண் வழியில், உதிர்ந்த காயாம்பூக்களின் இடையே இவை ஊர்ந்து கோலமிடும் காட்சி அது. நீல மலரையும் சிவப்பு உயிரையும் ஒருசேர வைத்த அந்தப் புலவர், மழைக்கு மறுநாள் காலையில் தரையைக் குனிந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். வட மாநிலங்களில் மருந்தெண்ணெய் காய்ச்சுவதற்காக இவற்றைப் பொறுக்கி விற்கிறார்கள். அந்தப் பழக்கம் நம் பக்கம் வேர்விடாதிருப்பதே நல்லது என்பது என் எண்ணம். களைக்கொல்லியும் மண்ணில் ஊற்றும் பூச்சிமருந்தும் பெருகிய நிலங்களில் இவை குறைந்துவிட்டதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறேன். உங்கள் காட்டில் தரையெங்கும் ஊர்கின்றன என்றால் உங்கள் மண்ணைப் பற்றி நீங்கள் மகிழலாம்.

கேள்வி: பீர்க்கங்கொடியில் நாள்தோறும் மஞ்சள் பூக்கள் நிறைய வருகின்றன, எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. சிறு பிஞ்சு வந்தாலும் மூன்றாம் நாள் மஞ்சளாகி விழுகிறது. நான் காலை ஏழு மணிக்குத் தூரிகையால் மகரந்தம் எடுத்துத் தடவியும் பயனில்லை. — வாசகி, சேலம்

பதில்: உங்கள் முயற்சி சரி, நேரம்தான் தவறு. பீர்க்கம்பூ விரிவது மாலையில். கடிகாரம் இல்லாத காலத்தில், பீர்க்கு பூத்துவிட்டது என்றுதான் விளக்கேற்றும் நேரத்தை அறிந்தார்கள். நீங்கள் மறுநாள் காலையில் தூரிகையோடு செல்லும்போது மகரந்தம் பெரும்பாலும் உதிர்ந்தோ வீரியம் இழந்தோ இருக்கும்.

நம் பந்தல் காய்களை இந்த வகையில் இரண்டாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். பீர்க்கு, சுரை, புடலை ஆகியவை பொழுது சாயும் வேளையிலும் இரவிலும் விரிபவை. அவற்றுள் சுரையும் புடலையும் வெள்ளை நிறத்தில் பூப்பது, இருட்டில் அந்துப்பூச்சிகளின் கண்ணில் படுவதற்கு ஏற்றது. பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவை அதிகாலையில் விரிபவை. பூசணிப்பூ உச்சிவெயிலுக்குள் சுருண்டுவிடும். ஆகவே பூசணிக்கு உங்கள் ஏழு மணி பொருந்தும், பீர்க்குக்கு மாலை ஆறு மணிக்கு மேல் செல்லுங்கள்.

தூரிகை தேவையில்லை. கொத்தாக நிற்பவை ஆண் பூக்கள். தனியாக நின்று, அடியில் சுண்டுவிரல் அளவு பிஞ்சைத் தாங்கியிருப்பது பெண் பூ. கொடி இளமையாக இருக்கும்போது முதல் இரண்டு வாரங்களுக்கு ஆண் பூக்களே வரும். அவை உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டாம், உதிர்வதுதான் அவற்றின் முறை. அன்று மாலை விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிவிட்டு, அதன் நடுப்பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெல்ல ஒற்றுங்கள். ஓர் ஆண் பூவைக் கொண்டு இரண்டு பெண் பூக்களுக்கு ஒற்றலாம். ஐப்பசியில் மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் பெய்வதால், பீர்க்கு பூக்கும் நேரமும் மழை பெய்யும் நேரமும் மோதிக்கொள்கின்றன. மகரந்தம் நனைந்து வீணாகிறது, அந்துப்பூச்சிகளும் வெளியே வருவதில்லை. இந்த மாதத்தில் காய்ப்பு குறைவதற்கு அதுவே முதற்காரணம். மழை மாலைகளில், ஒற்றிய பெண் பூவின் மேல் ஓர் இலையைக் குடையாக மடித்துச் செருகிவிடுவது என் வழக்கம்.

விழுந்த பிஞ்சுகளில் இரண்டை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உள்ளே வெறுமையாக இருந்தால் மகரந்தம் சேராத குறை. நெளியும் வெண்புழு இருந்தால் அது பழ ஈ. அப்படியானால் விழுந்த பிஞ்சுகளைக் கொடியடியில் விடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடியும் ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் இரண்டு நாள் போட்டால் தீர்ந்தது. கடையில் பழ ஈப்பொறி கேட்டால் மாமரத்துக்கான பொறியைத் தந்துவிடுகிறார்கள். அதிலுள்ள மருந்து மா ஈயை மட்டும் ஈர்க்கும். பந்தல் காய்களைத் தாக்கும் ஈயை ஈர்க்கும் மருந்தைக் கியூலூர் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: காலையில் கதவைத் திறந்தால் வராந்தாவில் ஒரு குருவி சோர்ந்து உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் இல்லாததுபோல் குட்டை. யாருடைய கூண்டிலிருந்தோ தப்பிய வெளிநாட்டுப் பறவை என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். என்ன உணவு தரலாம்? — வாசகி, தாம்பரம்

பதில்: இந்தக் கேள்வி மட்டும் அச்சேறும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் வாசகிக்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் இதே செய்தி நான்கைந்து ஊர்களிலிருந்து வருவதால் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அது வெளிநாட்டுப் பறவை அன்று. நம்முடைய ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் ஒட்டி இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கோடை, மழைக்காலங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்க வருகிறது. வலசைப் பயணம் இரவில்தான் நடக்கிறது. பல நூறு கிலோமீட்டர் பறந்து களைத்து, விளக்கு வெளிச்சத்தில் குழம்பி, கண்ணாடியில் மோதி, விடியும்போது வராந்தாவிலும் மாடிப்படியிலும் கிடக்கும்.

காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான, ஓசையில்லாத இடத்தில் சில மணி நேரம் வைப்பதுதான் சிறந்த சிகிச்சை. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அரிசி, ரொட்டி எதுவும் வேண்டாம். அது புழு பூச்சி தின்னும் பறவை. தெளிந்து நிமிர்ந்து நின்றதும், பூனையும் காகமும் இல்லாத புதர் ஓரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். இறகு ஒடிந்திருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இந்தப் பறவைக்கும் நம் தோட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. அது மரத்தில் இரை தேடுவதில்லை. தரையில் உதிர்ந்த சருகைப் புரட்டி அடியிலுள்ள பூச்சிகளைப் பொறுக்குகிறது. நாள்தோறும் தென்னந்துடைப்பத்தால் மண் தெரியப் பெருக்கிவிடும் வீட்டில் அதற்கு இரையில்லை. மதிலோரம் நான்கு முழ அகலத்துக்குச் சருகைக் கூட்டாமல் விட்டுவைத்தேன். மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் ஒன்று வந்து பங்குனி வரை தங்கியது. பெருக்காமல் விட்டதற்காக வீட்டில் கேட்ட பேச்சு எல்லாம் அந்த மாலைச் சீழ்க்கையில் அடிபட்டுப்போயிற்று.

கேள்வி: பப்பாளி மரத்தில் வெள்ளை மாவு அப்பியதுபோல் இருக்கிறது. கடுமையான மருந்து அடித்துவிடலாமா? — வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு மண்டலத்தையே வெள்ளையடித்துவிட்டது. மருந்துக்கு அது அசையவில்லை. உடலின் மெழுகுப் பூச்சு அதற்குக் கவசம், அடித்த மருந்து அதன் எதிரிகளை மட்டும் கொன்றது. 2010இல், இன்று தேசிய வேளாண் பூச்சி வள மையம் என்று அழைக்கப்படும் பெங்களூரு ஆய்வு நிறுவனத்தின் வழியாகப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்பது கொசுவைக் காட்டிலும் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வெளிவரும். கோயம்புத்தூர் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது; ஓரிரு ஆண்டுகளில் தொல்லை அடங்கியது.

அந்தக் குளவி இன்றும் நம்மிடையே இருக்கிறது. ஒரு பூதக்கண்ணாடியால் மாவுக் கூட்டத்தைப் பாருங்கள்; உப்பிக் காய்ந்து, மேல் ஒரு சிறு துளையோடு கிடக்கும் உடல்கள் தென்பட்டால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அப்போது மருந்து அடிப்பது நம் காவலரை நாமே சுடுவதாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிகவும் பாதித்த இலைகளை வெட்டிப் புதையுங்கள். தண்டில் ஏறும் எறும்பை நிறுத்துங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காப்பதுதான் பாதித் தொல்லை. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கேள்வி: தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம்போல் ஏதோ ஒட்டியிருந்தது, தட்டப் போனால் நெளிகிறது. சில நாளில் பச்சைப் புழுவாகிவிட்டது. தொட்டால் தலையிலிருந்து கொம்பு நீட்டி நாற்றம் விடுகிறது. — வாசகி, மதுரை

பதில்: எச்சம் என்று நீங்கள் ஏமாந்தீர்கள் அல்லவா, குருவியும் அப்படித்தான் ஏமாறும், அந்த வேடத்தின் நோக்கம் அதுவே. வளர்ந்து பெரிதானதும் எச்சம் என்ற வேடம் பொருந்தாது, ஆகவே இலையின் பச்சைக்கு மாறிக்கொள்கிறது. கொம்புபோல் நீள்வது நாற்றச் சுரப்பி. எறும்பையும் சிறு குளவியையும் விரட்ட அது போதும். உங்கள் செடியில் இருப்பது கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு. இரண்டுமே எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடும், கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான்.

ஒரு புழு முழுதாக வளரப் பல கொத்துகள் தின்னும் என்பதால், முழங்கால் உயரச் செடியில் நான்கு புழுக்கள் இருந்தால் உங்கள் சாம்பாருக்கு ஒன்றும் மிஞ்சாது. மருந்து வேண்டாம், காம்போடு கிள்ளி, அருகில் உள்ள எலுமிச்சை மரத்திலோ பெரிய கறிவேப்பிலை மரத்திலோ வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் கூட்டுப்புழுவிலிருந்து சிறகு விரிவதை வீட்டுப் பிள்ளைகள் பார்க்கலாம். தின்ற கிளையை ஒரு சாண் கீழே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டாகத் தளிர்க்கும்.

கேள்வி: மழை விட்ட மாலையில் ஈசல் வீட்டுக்குள் குவிகிறது. எப்படித் தடுப்பது? — வாசகர், விழுப்புரம்

பதில்: அரை மணி நேரம் உள்விளக்கை அணைத்துவிட்டு, வாசலில் ஒரு விளக்கின் கீழ் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். ஈசல் என்பது புதுக் குடும்பம் தொடங்கப் புறப்பட்ட கறையானின் ஆணும் பெண்ணும். இறகை உதிர்த்து இணையாக மண்ணுக்குள் போனால் புதுப் புற்று. பாத்திரத்தில் விழுந்ததைக் கோழிக்குப் போடலாம். அரிசியோடு வறுத்துத் தின்னும் வழக்கம் உங்கள் பக்கத்தில் இருக்கிறதென்றால், எனக்கும் ஒரு பிடி எடுத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பிரம்ம கமலம் இரவில் பூத்தது. இது இமயமலைப் பூ, பூத்த வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்கிறார்கள். உண்மையா? — வாசகி, திருச்சி

பதில்: பெயர் மட்டும் இமயத்தினுடையது. இமயமலையின் உண்மையான பிரம்ம கமலம் உத்தரகாண்டின் மாநில மலர். உயர்ந்த மலைச் சரிவின் குளிரில்தான் வளரும், திருச்சி வெயிலில் ஒரு நாளும் தாங்காது. உங்கள் தொட்டியில் இருப்பது மெக்சிகோ, நடு அமெரிக்கக் காடுகளில் மரங்களின் மேல் தொற்றி வளரும் ஒரு கள்ளி. நிஷாகந்தி என்றும் அழைப்பார்கள். இலை என்று நீங்கள் நினைப்பது அதன் தட்டையான தண்டு. அதனால்தான் அந்த 'இலை'யின் ஓரத்திலிருந்தே மொட்டு தொங்குகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் விரியத் தொடங்கி, நள்ளிரவில் முழுமையடைந்து, விடியும்போது தலை கவிழ்ந்துவிடும். இதுவரை பூக்காதவர்கள் கவனிக்க வேண்டியது, அதைத் திறந்த மழையில் வைத்து அழுகவிடக் கூடாது என்பதே; மரநிழலில், நீர் தேங்காத கலவையில், வேர் சற்று நெருக்கமாக இருக்கும் சிறிய தொட்டியில் வைத்தால் அது எளிதில் மொட்டு விடும். ஒரு முழத் தண்டை வெட்டி, வெட்டிய இடம் காய்ந்த பின் ஊன்றினால் புதுச்செடி கிடைக்கும். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு இந்த மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.